ஐந்து அணைகள், தனித்தனி அறிக்கைகள், ஒரே ஆறு: நீடித்து நிற்குமா என்பதை எப்படி மதிப்பிடுவது?

#1 | கரையோரவாசி

ஏற்கெனவே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் உள்ள ஓர் ஆற்றின் மேற்பகுதியில் இன்னும் மூன்று கட்டுவதற்கான ஆவணங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றின் பெயரைச் சொன்னால் பேச்சு அரசியலுக்குத் தாவிவிடும் என்பதால் தவிர்க்கிறேன். மூன்று திட்டங்களுக்கும் தனித்தனிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை. தயாரித்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஆனால் முடிவுரை மட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது: கீழ்ப்பகுதி நீரோட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராதாம்.

ஒவ்வொன்றும் தனியாக நின்றால் அது உண்மையாகவே இருக்கலாம். மூன்றையும் பழைய இரண்டோடு சேர்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை. கேட்டால், 'அது எங்கள் ஆய்வு வரம்புக்குள் வராது' என்கிறார்கள். அப்படியானால் யாருடைய வரம்பில் வரும்?

ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒன்றாக வைத்து மதிப்பிட வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 | மதகுச்சாவி

மீன், காடு, மக்கள் எல்லாம் பிறகு. முதலில் வரத்துக் கணக்கைப் பிரியுங்கள். ஓர் அணையின் எதிர்காலம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரையிலான அளவீட்டை எடுத்திருக்கிறார்கள்? இரண்டு, மேலே உள்ள அணை எடுத்துக்கொள்ளும் தண்ணீரையும், அதில் ஆவியாகும் தண்ணீரையும் கழித்துவிட்டுத்தான் கீழே உள்ள அணை தன் வரத்தைக் கணக்கிடுகிறதா? பெரும்பாலும் கழித்திருக்க மாட்டார்கள். ஒரே பானைச் சோற்றை மூன்று இலைக்கும் முழுதாகப் பரிமாறியதாக எழுதியிருப்பார்கள்.

ஆண்டு வரிசையைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் அமெரிக்காவின் கொலராடோ ஆறு பாடப்புத்தகம். 1922-இல் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டபோது ஆண்டுக்குச் சுமார் 1.64 கோடி ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி) வரும் என்று வைத்துக்கொண்டார்கள். மேல்பகுதிக்கு 75 லட்சம், கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம், பின்னர் 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். பங்கு போட்டு முடித்தாயிற்று. அவர்கள் கையில் இருந்த அளவீடு வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்த ஆண்டுகளுடையது. 1976-இல் மர வளையங்களை வைத்துப் பல நூற்றாண்டு வரத்தைக் கணித்தபோது 1.35 கோடிதான் வந்தது. 2000-க்குப் பிறகு வருவது அதைவிடவும் குறைவு. 2022-இல் அந்த ஆற்றின் மீட், பாவெல் இரண்டு நீர்த்தேக்கங்களும் கொள்ளளவில் கால்பங்கு அளவுக்குச் சரிந்தன. அணைகளில் பொறியியல் குறை எதுவும் இல்லை. காகிதத்தில் இருந்த ஆறு மண்ணில் இல்லை, அவ்வளவுதான்.

#3 | புதியவன்

ஐயா, இந்த அறிக்கைகளில் '75 சதவீத நம்பகத்தன்மை' என்று வருகிறதே, அது என்ன? நாலில் மூன்று பங்குத் தண்ணீர் நிச்சயம் என்று பொருளா?

#4 | மதகுச்சாவி

இல்லை தம்பி. நூறு ஆண்டுகளில் 75 ஆண்டுகள் அந்த அளவோ அதற்கு மேலோ வரும் என்று பொருள். மீதி 25 ஆண்டுகளில் குறையும். இந்தியாவில் பாசனத் திட்டத்துக்கு 75, நீர்மின் திட்டத்துக்கு 90 என்று வைத்துத் திட்டமிடுவது வழக்கம்.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. குறையும் ஆண்டுகள் ஒழுங்காக நாலுக்கு ஒன்றாக வருவதில்லை. இரண்டு மூன்று சேர்ந்தே வரும். அப்போது முந்தைய ஆண்டின் இருப்பும் கைகொடுக்காது. இரண்டாவது, சதவீதத்தைக் கொஞ்சம் இறக்கினால் ஆற்றில் தண்ணீர் 'கூடிவிடும்'. கிருஷ்ணாவில் முதல் தீர்ப்பாயம் 75 சதவீதத்தில் 2,060 டிஎம்சி என்று எடுத்துப் பங்கிட்டது. 2010-இல் இரண்டாம் தீர்ப்பாயம் வேறோர் ஆண்டு வரிசையை எடுத்து, 65 சதவீதத்துக்கு இறங்கி, 2,293 டிஎம்சி என்றது. மேகம் ஒரு துளியும் அதிகமாகப் பெய்யவில்லை. உங்கள் மூன்று அறிக்கைகளும் ஒரே சதவீதத்தைப் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள்.

#5 | நாணல்

மதகுச்சாவி ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் 'மீன், காடு, மக்கள் எல்லாம் பிறகு' என்ற அந்த ஒரு வரிதான் ஐம்பது ஆண்டுகளாக ஆறுகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. பிறகு என்று தள்ளி வைத்தவர்களுக்குப் பந்தி முடிந்த பின் என்ன மிஞ்சும்?

காவிரியைப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டிஎம்சி பங்கிடப்பட்டது. சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4 டிஎம்சி. இரண்டும் சேர்ந்து இரண்டு சதவீதம்கூட இல்லை. கழிமுகத்துக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் ஓர் ஆறு கொடுக்க வேண்டியது அவ்வளவுதானா? கங்கையின் மேற்பகுதிக்கு 2018-இல் வந்த அறிவிக்கையில், வறண்ட மாதங்களில் வரத்தில் 20 சதவீதமும், மழைக்காலத்தில் 30 சதவீதமும் ஓட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதுவே போதாது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

அளவு மட்டும் அல்ல, நேரமும் முக்கியம். மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது மட்டும் திறக்கும் அணைக்குக் கீழே போய் ஒரு பகல் முழுவதும் நின்று பாருங்கள். காலையில் பாறைக்கிடையே குட்டை குட்டையாகத் தண்ணீர், அதில் மூச்சு வாங்கும் குஞ்சு மீன்கள். மாலையில் டர்பைன் ஓடத் தொடங்கியதும் அரை மணி நேரத்தில் முழங்கால், அப்புறம் இடுப்பு. கரையோரம் ஒட்டியிருந்த முட்டைகள் ஒன்றும் மிஞ்சாது. தண்ணீரும் அணையின் ஆழத்திலிருந்து வருவதால் குளிர்ந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும். ஆனால் அறிக்கையில் மாதச் சராசரிதான் இருக்கும், சராசரிப்படி ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடியிருக்கும்!

#6 | வண்டல்

இதுவரை எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். ஆறு கொண்டுவருவது தண்ணீரை மட்டும் அல்ல. நீடித்த தன்மை என்ற சொல்லை நீர்த்தேக்கத்துக்குப் பயன்படுத்தும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: இந்தப் பள்ளம் எத்தனை ஆண்டு பள்ளமாக இருக்கும்?

ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 தொடக்கத்தில் 150 நாடுகளின் 47,000-க்கும் அதிகமான பெரிய அணைகளைக் கணக்கிட்டார்கள். தொடக்கக் கொள்ளளவில் சுமார் 16 சதவீதம் ஏற்கெனவே வண்டலுக்குப் போய்விட்டது; 2050-க்குள் கால்பங்குக்கு மேல் போய்விடும் என்பது அவர்கள் மதிப்பீடு. புதிய அணைகளால் கூடும் கொள்ளளவைப் பேசும்போது, பழையவற்றில் கரைந்துகொண்டிருக்கும் கொள்ளளவை யாரும் கழிப்பதில்லை.

அறிக்கைகளில் தவறாமல் வரும் ஒரு வாசகம் உண்டு: வண்டல் எல்லாம் டெட் ஸ்டோரேஜில் படியும், அதற்கு இடம் விட்டிருக்கிறோம். அதாவது மதகின் மட்டத்துக்குக் கீழே, அணைச் சுவரின் அடியில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது நினைப்பு. நடப்பது வேறு. வெள்ளத்தோடு ஓடிவரும் ஆறு தேங்கிய நீரைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. கூழாங்கல்லும் மணலும் அந்த இடத்திலேயே, அதாவது நீர்த்தேக்கத்தின் மேல்முனையிலேயே விழுகின்றன. அங்கே ஒரு திட்டு உருவாகி, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அணையை நோக்கி நகர்கிறது. நுண்ணிய களிமண்தான் அணை வரை போகும். ஆகவே பாசனத்துக்கு என்று வைத்த கொள்ளளவுதான் முதலில் பறிபோகிறது, டெட் ஸ்டோரேஜ் பாதிக்குமேல் காலியாக இருக்கும்போதே. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் மேல்முனையில் புல் முளைத்த மேடும், அதில் ஆடு மேய்வதும் தெரியும். அந்த மேட்டின் கன அளவு உங்கள் பாசனத் தண்ணீர்.

எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு 1953-இல் புரூன் என்பவர் வரைந்த வளைகோடு இன்றும் பயன்படுகிறது. ஓராண்டு வரத்து முழுவதையும் கொள்ளும் அணை, உள்ளே வரும் வண்டலில் 95 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். வரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கொள்ளும் அணையே சுமார் 85 சதவீதம் பிடிக்கும். ஆக, ஐந்து அணை வரிசையாக நின்றால் கடைசி அணைக்குக் கீழே ஓடுவது பசித்த தண்ணீர். அது தன் சுமையை ஆற்றுப்படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் தோண்டி எடுத்துக்கொள்ளும். பாலத்தின் கால்கள் வெளியே தெரியும். கழிமுகத்துக்கு மண் வராது, கடல் உள்ளே வரும். நைல் கழிமுகத்தில் ரொசெட்டா பக்கம் கரை அரிக்கப்பட்டது இப்படித்தான்.

#7 | மதகுச்சாவி

வண்டல் எழுதியதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு வைத்தியம் உண்டு. மேல்பகுதியில் மரம் நடுவது, சரிவுகளில் வரப்பு, ஓடைகளில் தடுப்பணை. மண் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு திட்டத்திலும் நீர்ப்பிடிப்புப் பகுதிச் சீரமைப்புக்கு என்று நிதி ஒதுக்கப்படுகிறது.

#8 | வண்டல்

ஒதுக்கப்படுகிறது, செலவு எங்கே போகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

சரி, ஒழுங்காகவே செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய தடுப்பணை தனியாகப் பார்த்தால் தீங்கற்றது. ஆயிரக்கணக்கில் கட்டினால் அதுவும் ஒரு பெரிய அணைதான். அதுவும் ஆழமில்லாத அணை. ஒரே கொள்ளளவுக்கு அகலமான நீர்ப்பரப்பு, ஆகவே அதிக ஆவியாதல். கிருஷ்ணாவில் 1960-க்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 57 கன கிலோமீட்டர் தண்ணீர் கடலுக்குப் போனது. 2001 முதல் 2004 வரையிலான வறட்சி ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றுமே போகவில்லை. பெரிய அணைகள் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. சிறு தேக்கங்கள், கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் சேர்ந்து ஆற்றை மூடிவிட்டன. எனவே படுகை மதிப்பீடு என்றால் பெரிய அணைகளின் பட்டியலோடு நிற்கக் கூடாது.

இந்த இடத்தில் நாணல் போன்ற நண்பர்களோடும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. 'சிறியது நல்லது' என்பதை மந்திரம்போலச் சொல்கிறார்கள். இந்தியாவில் 2006 அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டுக்குக் குறைவான நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியே தேவையில்லை. விளைவு, 25-க்கு ஒரு முடி குறைவாகத் திட்டங்கள் முளைக்கின்றன. ஒரே ஓடையில் அடுத்தடுத்து நாலு வந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை நாலு சிறிய திட்டங்கள்தான்.

#9 | நாணல்

சிறியது எல்லாம் நல்லது என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்: எண்ணிக்கை கூடினால் சிறியதும் பெரியதுதான்.

#10 | கூட்டுவட்டி

கணக்கர் என்ற முறையில் ஒரு விஷயம். நீங்கள் பேசும் வண்டல் ஏன் எந்தத் திட்டத்தையும் நிறுத்துவதில்லை என்று யோசித்ததுண்டா? விடை, செலவு-பயன் அட்டவணையில் பயன்படுத்தும் தள்ளுபடி விகிதத்தில், அதாவது எதிர்காலப் பயனை ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைத்து இன்றைய மதிப்பாக்கும் விகிதத்தில் இருக்கிறது.

ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், ஐம்பதாவது ஆண்டில் கிடைக்கும் 100 அலகு பயனின் இன்றைய மதிப்பு ஓர் அலகுக்கும் குறைவு. அதாவது ஐம்பதாவது ஆண்டில் அணை நிரம்பத் தண்ணீர் இருந்தாலும், நிரம்ப மண் இருந்தாலும் அட்டவணையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அணையை ஒருநாள் இடிக்க வேண்டி வந்தால் ஆகும் செலவும் அப்படியே மறைந்துவிடும். அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை அகற்றினார்கள். கிளாமத் ஆற்றில் நாலு அணைகள் 2024-இல் முழுமையாக அகற்றப்பட்டன. அணைகளைக் கட்டியவர்கள் யாரும் அந்தச் செலவைத் தங்கள் அட்டவணையில் எழுதியிருக்கவில்லை. பேரன் காலத்தில் நடப்பதை ஒன்றுமில்லை என்று காட்டும் சூத்திரத்தை வைத்துக்கொண்டு நீடித்த தன்மையை எப்படி அளப்பீர்கள்?

கட்டும் செலவும் சொன்னபடி நிற்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2014-இல் 245 பெரிய அணைகளை ஆராய்ந்ததில், செலவு சராசரியாக 96 சதவீதம் எகிறியிருந்தது.

#11 | மதகுச்சாவி

அந்த ஆய்வு கட்டும் செலவையும் காலத்தையும் பார்த்தது. ஓர் அணை தொண்ணூறு ஆண்டு கொடுத்த விளைச்சலை அது கூட்டிப் பார்க்கவில்லை. அதையும் சொல்லிவிட்டு 96-ஐச் சொல்லுங்கள்.

என்னை அணைப் பித்தன் என்று சிலர் நினைக்கலாம். ஆண்டு முழுவதற்குமான மழை மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும் நிலத்தில், தேக்கி வைக்காமல் பயிரும் இல்லை, ஊரும் இல்லை. ஏரி வெட்டிய காலத்திலிருந்து நாம் அதைத்தான் செய்கிறோம். அணையே கூடாது என்பவர்கள் ஒருமுறை கடைமடையில் நின்று தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்க்கட்டும். கேள்வி, கட்டலாமா கூடாதா என்பது அல்ல. இந்த ஆற்றில், இந்த இடத்தில், ஏற்கெனவே உள்ளவற்றுக்கு மேல் இன்னொன்று தாங்குமா என்பதே.

#12 | நாணல்

'இந்த இடத்தில்' என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். பிரேசிலின் பால்பினா அணை சுமார் 2,360 சதுர கிலோமீட்டர் காட்டை மூழ்கடித்தது. அதன் திறன் 250 மெகாவாட். அதே பிரேசில் பராகுவேயோடு சேர்ந்து கட்டிய இதாய்ப்பு சுமார் 1,350 சதுர கிலோமீட்டரில் 14,000 மெகாவாட். நிலம் தட்டையா, பள்ளத்தாக்கா என்பதில் வந்த வித்தியாசம். பால்பினாவில் மூழ்கிய மரங்கள் அழுகி மீத்தேன் விட்டதில், நீர்மின்சாரம் தூய்மையானது என்ற பேச்சே அங்கே பொருளற்றுப் போனது.

எகிப்தின் அஸ்வான் அணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1959 ஒப்பந்தத்தில் நைலின் 84 பில்லியன் கன மீட்டரில் எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5 என்று பிரித்தார்கள். மீதி 10? பாலைவன வெயிலுக்கு. எட்டில் ஒரு பங்கு ஆவியாகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒரு விதத்தில் அது நேர்மை. பல அறிக்கைகளில் அந்தப் பத்தி இருப்பதே இல்லை.

மக்களைப் பற்றி ஒரு வரி. உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்க்கப்பட்டதாகச் சொன்னது. மதிப்பீட்டின் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையே 4 கோடிப் பேர்! எண்ணக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அணைக்குக் கீழே மீனையும் வண்டல் நிலத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

#13 | கரையோரவாசி

எல்லோருக்கும் நன்றி. மூன்று அறிக்கைகளையும் மறுபடி பார்த்தேன். மதகுச்சாவி ஐயா சந்தேகப்பட்டபடியே, இரண்டு அறிக்கைகள் ஒரே அளவீட்டு நிலையத்தின் வரத்தை முழுதாகத் தங்களுடையதாக எழுதியிருக்கின்றன. வண்டல் வீதத்துக்கு மூன்றிலும் ஒரே எண், எங்கே எப்போது அளந்தது என்ற குறிப்பு இல்லை.

ஒரு கேள்வி. தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்று ஆணையம், ஆசிய வளர்ச்சி வங்கி, உலக இயற்கை நிதியம் மூன்றும் சேர்ந்து 2010-இல் படுகை முழுவதற்குமான விரைவு மதிப்பீட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தன. நீர்மின் துறைக்குத் தனியாக 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் நெறிமுறையும் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தலாமா?

#14 | வண்டல்

தாராளமாக. அவற்றின் பெரிய பயன் மதிப்பெண் அல்ல. மின்துறை, பாசனத்துறை, மீன்வளத்துறை, வனத்துறை ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது. மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். மீன் வலசைக்கு 1, அலுவலக நிர்வாகத்துக்கு 5 என்றால் சராசரி 3 இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. அந்த 1 போதும், ஆறு செத்துப்போகும்.

அதோடு மீகாங் கதையின் மறுபாதியையும் படியுங்கள். அங்கே படுகை முழுவதற்கும் ஒரு கேந்திர மதிப்பீடு 2010-இல் முறையாக நடந்தது. முதன்மை ஆற்றில் அணை கட்டும் முடிவைப் பத்தாண்டு தள்ளிப்போடுங்கள் என்று தெளிவாகப் பரிந்துரைத்தது. ஆனாலும் 2012-இல் அதே முதன்மை ஆற்றில், லாவோஸில், சயபுரி அணைக் கட்டுமானம் தொடங்கியது; 2019-இல் மின்சாரம் வந்தது. ஆணையத்தின் 1995 ஒப்பந்தப்படி கலந்தாலோசனை கட்டாயம், தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அதனால் உங்கள் மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே கேளுங்கள்: எந்த விடை வந்தால் இந்தத் திட்டம் கைவிடப்படும்? அதற்குப் பதில் இல்லையென்றால் மீதிப் பக்கங்கள் வெறும் தாள்.

#15 | நெறியாளர்

குறிப்பிட்ட மாநிலங்களைச் சாடிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. தலைப்பில் நின்று பேசவும்.

#16 | புதியவன்

ஒரு சந்தேகம். வண்டல்தான் சிக்கல் என்றால், வெள்ளம் வரும்போது அடிமதகைத் திறந்து சேற்றுத் தண்ணீரை அப்படியே போகவிட்டு, பிறகு வரும் தெளிந்த தண்ணீரைப் பிடித்தால் ஆயிற்றே? ஏன் செய்வதில்லை?

#17 | வண்டல்

செய்திருக்கிறார்கள். சீனாவின் மஞ்சள் ஆற்றில் சன்மென்சியா அணை 1960-இல் முடிந்தது. வண்டலால் வீணாகும் என்று நீரியல் பேராசிரியர் ஹுவாங் வான்லி முன்பே எச்சரித்தார், கேட்கவில்லை. தேக்கத் தொடங்கிய ஒன்றரை ஆண்டுக்குள் 150 கோடி டன்னுக்கு மேல் உள்ளே படிந்தது. மேல்பகுதியில் கிளையாற்றின் முகம் அடைபட்டு வெள்ள அபாயம் எழுந்தது. கட்டுமானத்தின்போது அடைத்த அடிமதகுகளைத் திரும்ப உடைத்துத் திறந்து, புதிதாகச் சுரங்கங்களும் வெட்டினார்கள். 1970-களிலிருந்து நீங்கள் சொன்ன முறையில்தான் இயக்குகிறார்கள்: கலங்கலை விடு, தெளிவைத் தேக்கு. அணை பிழைத்தது, முதலில் திட்டமிட்ட கொள்ளளவும் மின் உற்பத்தியும் கனவாகப் போயின.

அடிமதகு தேவையான அளவில், தேவையான மட்டத்தில் இருந்தால்தான் இது நடக்கும். கட்டிய பிறகு ஓட்டை போடுவது கைக்கும் பைக்கும் கேடு. கரையோரவாசி, உங்கள் மூன்று வரைபடங்களிலும் அடிமதகின் மட்டத்தையும் அது வெளியேற்றும் கன அடியையும் பாருங்கள்.

#18 | மதகுச்சாவி

புதியவனுக்கு நடைமுறைப் பதில் ஒன்று பாக்கி. மதகு இருந்தாலும் திறக்க முடியாது. பருவத்தின் முதல் இரண்டு வெள்ளங்களில்தான் சேறு மிக அதிகம். அப்போது அணை பெரும்பாலும் காலியாக இருக்கும், கீழே விதைப்புக்குக் காத்திருப்பார்கள், செய்தித்தாளில் தினமும் நீர்மட்டம் வரும். அந்த வெள்ளத்தை விட்டுவிட்டு, அடுத்த மழை பொய்த்துவிட்டால் ஆணையில் கையெழுத்திட்ட செயற்பொறியாளரின் கதி என்ன? அதனால் கலங்கலோ தெளிவோ, வந்ததைப் பிடிப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் பிடித்தேன். அன்றைய இயக்க விதியில் வேறு வழி எழுதப்படவில்லை.

ஐந்து அணைகள் என்றால் ஐந்து செயற்பொறியாளர்கள். மேலே இருப்பவர் சேற்றை விட்டால் கீழே இருப்பவரின் அணையில் விழும். எனவே அறிக்கையில் ஐந்துக்கும் சேர்த்து ஒரே இயக்க விதி கேளுங்கள்: எந்தத் தேதி வரை, எந்த மட்டம் வரை, எந்த வரிசையில் திறப்பது, அதனால் தண்ணீர் குறைந்தால் எந்த ஆயக்கட்டு எவ்வளவு ஏற்றுக்கொள்வது, உத்தரவு யாருடையது. கொள்ளளவு அளவீடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, முடிவு பொதுவில். இதை எழுத்தில் தர மறுத்தால், மறுத்ததையும் உங்கள் ஆட்சேபக் கடிதத்தில் பதிவு செய்யுங்கள்.

#19 | கரையோரவாசி

மட்டங்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் மட்டும் அடிமதகு இருக்கிறது, அதுவும் மேலே கட்டப்போகும் அணையில். நடுவில் வரும் இரண்டிலும் இல்லை. ஆட்சேபக் கடிதத்தின் வரைவை நாளை இங்கேயே இடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.